ஒரே நகரம், ஒரே நாள்: ‘சூகொகு ஷிம்புன்’ நாளிதழையும் ‘வெறுங்கால் கென்’ மங்காவையும் எப்படி ஒப்பிடுவது?

நூலகப்படி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடிப் படிக்கும் சிறிய வாசகர் வட்டத்தை நடத்தி வருகிறோம். வரும் ஆகஸ்ட் மாதக் கூட்டத்துக்கு ஹிரோஷிமாவை எடுத்துக்கொண்டிருக்கிறோம். எதைப் படிப்பது என்பதில் வட்டத்துக்குள் கருத்து வேறுபாடு வந்துவிட்டது. நிருபராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், அந்த நகரத்தின் நாளிதழான ‘சூகொகு ஷிம்புன்’ எழுதியதே சான்று, படக்கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது கற்பனைதான் என்கிறார். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர், கெய்ஜி நகாசாவா வரைந்த ‘ஹதாஷி நோ கென்’, அதாவது ‘வெறுங்கால் கென்’ என்ற மங்காவின் (ஜப்பானியப் படக்கதை) முதல் இரண்டு தொகுதிகளைப் படித்தபோது தமக்குப் புரிந்தது, ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 அன்று செய்தியில் படித்த எதிலும் புரியவில்லை என்கிறார்.

இருவரும் மனப்பூர்வமாகவே பேசுகிறார்கள். ஆகவே ஒருவரை ஒதுக்கி மற்றவர் பக்கம் சாய எனக்கு விருப்பமில்லை. நான் அறிய விரும்புவது இதுதான்: அணுகுண்டு விழுந்த நாளிலும் அதன் பிறகும் அந்த நாளிதழால் உண்மையில் என்ன எழுத முடிந்தது? மங்காவில் வருவது எந்த அளவுக்கு நகாசாவாவின் சொந்த வாழ்க்கை? தினமும் வரும் தாளையும் ஆண்டுக்கணக்கில் ஓடிய தொடரையும் அருகருகே வைத்துப் படிப்பதில் பொருள் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அச்சுக்கூடம் (மறுமொழி):

ஐயா, நான் நாளிதழ் அச்சகத்தில் நீண்ட காலம் இருந்தவன். ஆகவே என் கண் முதலில் இயந்திரத்தின் மீதும் தாளின் மீதும்தான் போகும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல், ஏனெனில் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். ‘சூகொகு’ என்பதை எழுதும் அதே எழுத்துகள் ஜப்பானியத்தில் சீனாவையும் குறிக்கும். இங்கே அது ஹொன்ஷு தீவின் மேற்குப் பகுதிக்குரிய பெயர். 1892இல் ஹிரோஷிமாவில் தொடங்கப்பட்ட வட்டார நாளிதழ் அது. போர்க்காலத்தில் ஒரு மாகாணத்துக்கு ஒரு நாளிதழ் என்று அரசு வகுத்தபோது ஹிரோஷிமாவுக்கு எஞ்சிய தாளும் அதுவே. 1945இல் காகிதப் பஞ்சத்தால் ஜப்பானிய நாளிதழ்கள் பெரும்பாலும் முன்னும் பின்னும் அச்சிட்ட ஒற்றைத் தாளாகச் சுருங்கியிருந்தன. அந்த ஒற்றைத் தாளிலும் போர்ச் செய்தி என்றால் ராணுவத் தலைமையகம் அறிவித்ததைத்தான் அச்சிட முடியும்.

இப்போது அந்த நாளுக்கு வருவோம். அலுவலகம் குண்டு வெடித்த மையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருந்தது. கட்டடத்தின் உட்புறம் முழுவதும் எரிந்தது, இயந்திரங்கள் எரிந்தன, ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், 114 பேர், உயிரிழந்தனர். வரலாற்றின் மிகப் பெரிய செய்தி தன் வாசலிலேயே நிகழ்ந்தபோது அந்த நாளிதழுக்கு அச்சிட எழுத்தும் இல்லை, எழுத ஆளும் இல்லை. மறுநாள் 7ஆம் தேதி, எஞ்சிய ஊழியர்கள் வாய்மொழிக் குழுவாகப் பிரிந்து, இடிபாடுகளுக்கு நடுவே நடந்து, நிவாரண உணவு எங்கே கிடைக்கும், காயமடைந்தோர் எங்கே போக வேண்டும் என்பவற்றை உரக்கச் சொல்லிக்கொண்டே போனார்கள். நாளிதழ் என்பது அன்று தாளாக இல்லாமல் குரலாக மட்டுமே இருந்தது. இதை எப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

9ஆம் தேதி வேறு ஊர்களின் நாளிதழ்கள் தங்கள் அச்சகங்களில் அடித்துக் கொடுத்ததால் தாள் மீண்டும் வந்தது. நகரத்துக்கு வெளியே நுகுஷினா என்ற கிராமத்துக்கு முன்னெச்சரிக்கையாகக் கொண்டு போய் வைத்திருந்த ஒரு சுழல் அச்சு இயந்திரம் தப்பியிருந்தது. அதைக் கொண்டு செப்டம்பர் 3 முதல் சொந்தமாக அச்சிட்டார்கள். இரண்டே வாரத்தில், 17ஆம் தேதி, மகுராசாகி சூறாவளியின் வெள்ளம் அந்த இயந்திரத்தையும் முடக்கியது. மறுபடியும் பிற ஊர் அச்சகங்களை நாடினார்கள். நவம்பரில்தான் நகரத்துக்குள் இருந்த எரிந்த கட்டடத்துக்கே திரும்பி அச்சைத் தொடங்கினார்கள்.

வெளியூர் நாளிதழ்கள் எழுதினவே என்று உங்கள் பெரியவர் கேட்கலாம். 7ஆம் தேதி வந்தது சில வரிகள்: ஹிரோஷிமா தாக்கப்பட்டது, ஓரளவு சேதம் என்று தெரிகிறது. அன்று பிற்பகல் தலைமையகம் வெளியிட்ட அறிவிப்பு ‘புதிய வகைக் குண்டு’, ‘கணிசமான சேதம்’ என்ற சொற்களோடு நின்றது. 8ஆம் தேதித் தாள்கள் அதையே தாங்கி வந்தன. ஒரு நகரம் அழிந்துபோன செய்திக்கு அச்சில் கிடைத்த சொற்கள் அவ்வளவே. ஜப்பான் சரணடைந்த பிறகாவது வாய் திறந்ததா என்றால், செப்டம்பர் 19 அன்று அமெரிக்க ஆக்கிரமிப்புத் தலைமை பத்திரிகை விதித்தொகுப்பு ஒன்றைப் பிறப்பித்தது. அதன் கீழ் வந்த தணிக்கை, குண்டின் மனித விளைவுகளைப் பற்றி எழுதுவதை நெடுங்காலம் கட்டிப்போட்டது.

இவ்வளவுக்கும் நடுவில் நாளிதழ் சார்பாக நிற்கும் ஒரு பெரும் சான்று உண்டு. சூகொகு ஷிம்புனின் புகைப்படக் கலைஞர் யோஷிதோ மாட்சுஷிகே, மையத்திலிருந்து 2.7 கிலோமீட்டர் தொலைவில் இருந்த தம் வீட்டில் உயிர் தப்பி, கேமராவை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். காலை பதினொரு மணியளவில் மியுகி பாலத்தின் முனையில், எரிந்த உடலோடு குந்தியிருந்த மக்களைக் கண்டார். படம் எடுக்கக் கை வராமல் நெடுநேரம் நின்றதாகவும், எடுத்தபோது கண்ணீரில் காட்சி மங்கியதாகவும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்று முழுவதும் அலைந்த அவரிடமிருந்து நமக்குக் கிடைத்தவை ஐந்தே படங்கள். குண்டு விழுந்த அன்றே நகரத்துக்குள் மக்களின் நிலையைக் காட்ட எடுக்கப்பட்டவை என்று நம் கையில் இருப்பவையும் அவைதாம். அவற்றுள் சில 1946 ஜூலை 6 அன்று ‘யூகான் ஹிரோஷிமா’ என்ற மாலை நாளிதழில் வெளிவந்தன. ஜப்பான் முழுவதும் பார்க்கும்படி குண்டழிவின் படங்கள் பரவியது ஆக்கிரமிப்பு முடிந்த பிறகு, 1952இல்தான்.

ஆகவே, நாளிதழில் வந்ததே சான்று என்ற உங்கள் பெரியவரின் வாதத்தை நான் பாதிதான் ஏற்பேன். அந்த ஆகஸ்டின் தாள்கள், எதைச் சொல்ல விடவில்லை என்பதற்கே பெரிய சான்று.

மாலைநேர வாசகி (மறுமொழி):

அச்சுக்கூடம் ஐயா எழுதியதற்கு நன்றி. நான் மங்காவின் பக்கத்தை எழுதுகிறேன். பத்துத் தொகுதிகளையும் இரண்டு முறை படித்திருக்கிறேன். இரண்டாம் முறை, நகாசாவாவின் தன்வரலாற்றை அருகில் வைத்துக்கொண்டு படித்தேன்.

நகாசாவா 1939இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். குண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. மையத்திலிருந்து சுமார் 1.2 கிலோமீட்டர் தொலைவில் இருந்த தம் பள்ளியின் வாயிலில், வகுப்புத் தோழர் ஒருவரின் தாய் ஏதோ கேட்க, நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளியின் மதில் அவரை மறைத்தது. எதிரே நின்ற அந்தப் பெண்மணியை எதுவும் மறைக்கவில்லை. மங்காவில் கென்னுக்கு நேர்வதும் இதுவே. தந்தையும் அக்காளும் தம்பியும் இடிந்த வீட்டுக்குள் சிக்கி இறந்ததும், தாய் அன்றே தெருவில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றதும், அந்தக் குழந்தை சில மாதங்களே வாழ்ந்ததும் அவருடைய குடும்பத்தில் நடந்தவை. போரை எதிர்த்துப் பேசியதற்காகத் தந்தை காவல் துறையால் பிடித்துச் செல்லப்பட்டதும் அப்படியே.

ஆனால் ஓரிடத்தில் அவர் மாற்றியிருக்கிறார், உங்கள் ஒப்பீட்டுக்கு அந்த மாற்றம்தான் முக்கியம். மங்காவில் கென் வீட்டுக்கு ஓடி வந்து, விட்டத்தைத் தூக்க முயன்று, முடியாமல், தம்பி உள்ளிருந்து கூப்பிடக் கூப்பிட எரிவதைக் கண்ணெதிரே பார்க்கிறான். உண்மையில் நகாசாவா அங்கே இல்லை. தெருவில் தாயைக் கண்டுபிடித்த பிறகு, தாய் சொல்லக் கேட்டுத்தான் அறிந்தார். ஒரு நாளிதழ் இப்படி எழுதியிருந்தால் அது பொய்ச் செய்தி. நேரில் பார்த்தவர் ஒருவர், பார்க்காதவர் இன்னொருவர் என்பதை நிருபர் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும். மங்காவில் அந்த எல்லை அழிக்கப்படுகிறது. தாய் வாழ்நாள் முழுவதும் சுமந்த காட்சியை மகன் தன் கண்ணில் ஏற்றிக்கொண்டு வரைந்திருக்கிறார். எனக்கு இது ஏமாற்றாகப் படவில்லை, ஆனால் உங்கள் வட்டத்தில் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொன்ன பிறகும் அந்தப் பக்கங்களின் கனம் குறையாது.

ஏன் இவ்வளவு தாமதம் என்பதும் கேட்கத்தக்கதே. 1961இல் டோக்கியோவுக்குப் போன நகாசாவா, குண்டில் தப்பியவர் என்று தெரிந்ததும் மக்கள் முகம் மாறுவதைக் கண்டு, அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். 1966இல் தாய் இறந்தார். எரியூட்டிய பின் குடும்பத்தார் எலும்புகளைப் பொறுக்கி எடுப்பது அங்குள்ள வழக்கம். தாயின் சாம்பலில் எடுக்கத்தக்க எலும்பே இல்லை, சிறு வெள்ளைத் துணுக்குகள்தான் கிடந்தன. கதிர்வீச்சு தாயின் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை என்ற சினத்தில்தான் அவர் குண்டைப் பற்றி வரையத் தொடங்கினார். அந்த முதல் படைப்பைப் பெரிய பதிப்பகங்கள் ஏற்கவில்லை. 1968இல் ஒரு சிறு இதழில் வந்தது. 1972இல் தம் அனுபவத்தைச் சுருக்கமாக வரைந்ததைப் பார்த்த ‘ஷோனென் ஜம்ப்’ ஆசிரியர், இதையே நீண்ட தொடராக எழுதும்படி ஊக்கினார். 1973 ஜூனில் ‘வெறுங்கால் கென்’ தொடங்கியது.

ஜம்ப் என்பது சிறுவர்கள் காசு சேர்த்து வாங்கும் வார இதழ். 1971இலேயே அதன் விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. சண்டைக் கதைகளுக்கும் நகைச்சுவைக் கதைகளுக்கும் நடுவே, அதே மட்டக் காகிதத்தில், இந்தத் தொடர் வாராவாரம் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நாளிதழை வாங்குபவர் பெரியவர், வீட்டுக்கு ஒரு தாள். ஜம்ப்பை வாங்குபவர், கென்னைவிடச் சில வயதே மூத்த பையன். கெடு நாள், பக்க அளவு, ஆசிரியரின் பேனா எல்லாம் நாளிதழைப் போலவே இங்கும் உண்டு. படங்கள் குமட்டுகின்றன என்று வாசகர்கள் எழுதியதால் தீக்காயங்களின் கொடூரத்தை வேண்டுமென்றே குறைத்து வரைந்ததாக நகாசாவா வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். ஆக, நாளிதழை அரசும் ஆக்கிரமிப்புப் படையும் தணிக்கை செய்தன என்றால், மங்காவை வாசகரின் தாங்கும் அளவு தணிக்கை செய்தது.

1974இல் ஜம்ப்பில் தொடர் நின்றது. அத்தோடு முடிந்திருந்தால் இன்று நாம் இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். வேறு சில இதழ்கள் அடுத்தடுத்து இடம் கொடுத்தன, கடைசியாகப் பள்ளி ஆசிரியர் சங்கத்தின் இதழ். 1980களிலும் கதை நீண்டது. இடையே 1975 முதல் நூல் வடிவம் வந்தது, அதையும் ஜம்ப்பின் பதிப்பகம் வெளியிடவில்லை, வேறொரு சிறு பதிப்பகம் வெளியிட்டது. அந்த நூல்கள் பள்ளி நூலகங்களுக்குள் போயின. மங்காவை உள்ளே விடாத நூலகங்கள்கூட இதை மட்டும் விட்டன.

நூலகப்படி:

இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கென்னின் குடும்பத்தார் இறக்கும் காட்சியைப் பற்றி மாலைநேர வாசகி எழுதியதை எங்கள் பெரியவரிடம் காட்டினேன். “அப்படியானால் நான் சொன்னதுதானே சரி” என்றார். பிறகு வாய்மொழிக் குழுவைப் பற்றிய பத்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. ஒரே ஒரு ஐயம் மிஞ்சுகிறது. நாளிதழ் அந்த ஆகஸ்டில் கட்டுண்டு கிடந்தது சரி. அதன் பிறகு? பிற்காலத்திலும் அது மங்காவுக்குப் பின்தங்கியே நின்றதா?

படிக்கரை (மறுமொழி):

அப்படி நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஒரு நாளிதழைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அதன் ஒரு மாதத்து இதழ்கள் போதாது. சூகொகு ஷிம்புன் இந்த நகரத்தை விட்டு எங்கும் போகவில்லை. அதன் தலையங்க எழுத்தாளர் தொஷிஹிரோ கனாய், 1964இல், உலகுக்குத் தெரிந்தது குண்டின் வலிமையா, அது மனிதர்க்கு இழைத்த துயரமா என்ற கேள்வியை எழுப்பி, பாதிக்கப்பட்டோரின் நிலையை முழுமையாக ஆராய்ந்து ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நகாசாவா தம் முதல் குண்டுக் கதையை வரைவதற்கு முன்பே கேட்கப்பட்ட கேள்வி அது. 1989இல் தொடங்கி, அணு ஆலைகளாலும் சோதனைகளாலும் கதிர்வீச்சுக்கு ஆளான பல நாட்டு மக்களைத் தேடிப் போய் அந்த நாளிதழ் நீண்ட தொடர் எழுதியது. 2008இல் அமைதி தொடர்பான செய்திகளுக்கென்றே தனி மையம் ஒன்றை ஏற்படுத்தியது. அதன் கட்டுரைகளை இணையத்தில் ஆங்கிலத்திலும் படிக்கலாம். தப்பியோர் முதுமை அடைந்து ஒவ்வொருவராக மறையும்போது, ஒவ்வொருவரின் பெயர், வயது, அன்று நின்ற இடம், தொலைவு என்று சரிபார்த்துப் பதியும் வேலையை எந்த மங்காவும் செய்ய இயலாது. கென் ஒருவன்தான். 1945 முடிவதற்குள் இறந்தோர் சுமார் 1,40,000 பேர்.

மங்காவுக்கும் எல்லாம் சுமுகமாக இருந்துவிடவில்லை. நகாசாவா 2012 டிசம்பர் 19 அன்று இறந்தார். அதே மாதம் ஷிமானே மாகாணத்து மட்சுவே நகரக் கல்வி வாரியம், பிற்பகுதியில் ஜப்பானியப் படையினரின் கொடுமைகளைக் காட்டும் கட்டங்கள் மிகக் கடுமையானவை என்று கருதி, மாணவர் தாமே எடுத்துப் படிக்காதபடி இந்நூலைத் திறந்த அடுக்கிலிருந்து நீக்குமாறு பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. 2013 ஆகஸ்டில் செய்தி வெளியே வந்து நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்த மாதமே வாரியம் கட்டுப்பாட்டைத் திரும்பப் பெற்றது. அந்த எதிர்ப்பைப் பரப்பியவை நாளிதழ்கள் என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். 2023இல் ஹிரோஷிமாவின் கல்வி வாரியமே தன் அமைதிக் கல்விப் பாடநூலிலிருந்து கென்னை எடுத்துவிட முடிவு செய்தது. அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஒப்பீட்டுக்கு வருகிறேன். உங்கள் கூட்டத்தில் மாட்சுஷிகேயின் மியுகி பாலப் படத்தையும், கென் தெருவில் ஓடும் பக்கங்களையும் மேசை மீது அருகருகே வையுங்கள். புகைப்படத்தில் மக்கள் பெரும்பாலும் நமக்கு முதுகு காட்டியே இருக்கிறார்கள். பள்ளிச் சீருடை அணிந்த பெண் பிள்ளைகளின் கருகிய தலைமுடியும் கிழிந்த உடையும் தெரிகின்றன, முகம் தெரியவில்லை. படம் எடுத்தவரால் அவர்கள் எதிரே போய் நிற்க முடியவில்லை, அந்த முடியாமையும் படத்தில் பதிந்திருக்கிறது. மங்காவில் அதே மக்கள், உரிந்த தோல் தொங்க, கைகளை முன்னே நீட்டியபடி, நம்மை நோக்கியே நடந்து வருகிறார்கள். ஆறு வயதுப் பையன் எதிரில் வருபவர்களின் முகத்தைத்தான் பார்ப்பான், அவனுக்குக் கேமரா இல்லை, கூச்சமும் இல்லை. பெரியவர் ஒருவர் முதுகுப் பக்கம் நின்று எடுத்ததும், சிறுவன் நேருக்கு நேர் கண்டதும் ஒரே ஊரின் ஒரே முற்பகல். உங்கள் ஓய்வு பெற்ற நிருபரும் கல்லூரித் தம்பியும் இந்த மேசையின் முன் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கட்டும்.

அச்சுக்கூடம்:

படிக்கரை எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். பிந்தைய தொகுதிகளில், தணிக்கைக் காலத்தில், கென்னும் நண்பர்களும் குண்டைப் பற்றி ஒருவர் எழுதிய நூலை அச்சேற்ற அலைவார்கள். காகிதம், அச்சகம், பிடிபடும் அச்சம் என்று எல்லாம் அதில் வரும். அந்த ஊரில் 1940களின் பிற்பாதியில் ஒரு பக்கத்தை அச்சிடுவது எத்தகைய காரியம் என்பதை நாளிதழே எழுத முடியாதபோது, பின்னாளில் ஒரு மங்கா எழுதியிருக்கிறது. எங்கள் தொழில் செய்தவர்கள் அந்தப் பகுதியைத் தவறவிடக் கூடாது.

மாலைநேர வாசகி:

நூலகப்படி அவர்களே, நடைமுறைக்கு ஒரு குறிப்பு. முதல் தொகுதி குண்டு விழுவதோடும் குழந்தை பிறப்பதோடும் முடிந்துவிடுகிறது. அதன் பெரும்பகுதி, 1945 ஏப்ரல் முதல் அக்குடும்பம் அக்கம்பக்கத்தாரின் ஏச்சைத் தாங்கி வாழ்வதையும், மிதிக்க மிதிக்க நிமிரும் கோதுமைப் பயிரைத் தந்தை பிள்ளைகளுக்குக் காட்டுவதையும் சொல்வது. அதை மட்டும் படித்தால் அடுத்த நாட்கள் தெரியாது. இரண்டாம் தொகுதியை மட்டும் படித்தால் யாரை இழந்தான் என்பது மனத்தில் தைக்காது. ஆகவே இரண்டையும் சேர்த்தே படிக்கச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 7, 8 தேதிகளின் அந்தச் சில வரிச் செய்தியைத் தமிழில் ஒரு துண்டுத் தாளில் எழுதி, இரண்டு தொகுதிகளுக்கும் நடுவே ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் எப்படி நடந்தது என்று இங்கே எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.